ஈறில் ரத்தமா? பொடியைக் கையில் எடுப்பதற்கு முன்னால்...

காலை ஆறரை மணி. வாஷ்பேசின் முன்னால் நின்று பல் தேய்த்துக்கொண்டிருக்கிறார் குடும்பத் தலைவர். வயது நாற்பத்தைந்து இருக்கும். எச்சிலைத் துப்பினால் இளஞ்சிவப்பாக வருகிறது. ‘பிரஷ் குத்திடுச்சு போல’ என்று கொப்பளித்துவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பிவிடுகிறார். ஒரு வாரம் போகிறது. கொய்யாப்பழத்தைக் கடிக்கிறார், கடித்த இடத்தில் ரத்தக்கறை!

“என்னங்க, ஒரு தடவை பல் டாக்டர்கிட்ட காட்டக் கூடாதா?” என்கிறார் மனைவி.

“வலியே இல்லையே... வலிச்சா பார்த்துக்கலாம்.”

உள்ளேயிருந்து அம்மாவின் குரல். “இதுக்கெல்லாம் எதுக்குப்பா டாக்டர்? நாட்டு மருந்துக் கடையில கடுக்காயும் மாசிக்காயும் வாங்கி இடிச்சுத் தேய். உங்க தாத்தா எண்பது வயசுல முறுக்கு கடிச்சாரு!”

பொடி வருகிறது. தேய்க்கிறார். பத்தே நாளில் ரத்தம் நின்றுவிடுகிறது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். விஷயம் அதோடு மறந்துபோகிறது.

நாலைந்து வருடம் கழித்து ஒருநாள் கீழ்வரிசை முன்பல் இரண்டு லேசாக ஆடுகிறது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் பல்லைத் தாங்குகிற எலும்பு பாதி கரைந்திருக்கிறது. “ரத்தம்தான் அப்பவே நின்னுபோச்சே டாக்டர்?” என்று பரிதாபமாகக் கேட்கிறார்.

இப்படிப்பட்ட காட்சி நம் வீடுகளில் புதிதல்ல. அப்படியென்றால் அம்மா சொன்ன பொடி பொய்யா? இல்லை. அம்மா சொன்னது பாதி மருத்துவம். விட்டுப்போன மீதிப் பாதியும் நம் பழைய ஆயுர்வேத நூலிலேயே இருக்கிறது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

ஈறுக்குள் என்ன நடக்கிறது?

பல் துலக்கிய சில மணி நேரத்திலேயே பல்லின் மேல் கண்ணுக்குத் தெரியாத வழவழப்பான ஒரு படலம் படிய ஆரம்பிக்கிறது. முழுக்க முழுக்கக் கிருமிகளின் குடியிருப்பு அது. டாக்டர்கள் ‘பிளேக்’ என்பார்கள். தினமும் ஒழுங்காகத் துலக்கினால் இது போய்விடும். பல்லும் ஈறும் சேருகிற ஓரத்தை விட்டுவிட்டால் அங்கேயே தங்கி ஈறைத் தாக்கும். ஈறு சிவந்து, வீங்கி, தொட்டாலே ரத்தம் கசியும். இது முதல் கட்டம்.

1965-ல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் ஹரால்டு லோ என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனை செய்தார்கள். ஆரோக்கியமான ஈறு கொண்ட 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். 10 முதல் 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறில் அழற்சி வந்துவிட்டது. மறுபடி துலக்க ஆரம்பித்ததும் சுமார் ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. முதல் கட்டத்தில் பிடித்துவிட்டால் முழுசாகக் குணமாக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

படலம் பல நாள் தங்கினால் எச்சிலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து அதில் ஏறி இறுகிவிடும். இதுதான் காரை. கீழ்வரிசை முன்பற்களின் உள்பக்கம் நாக்கால் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று சிமெண்ட் மாதிரி தட்டுப்பட்டால் அதுதான்! காரையின் கரடுமுரடான மேற்பரப்பில் புதுப் படலம் இன்னும் சுலபமாக ஒட்டிக்கொள்ளும். காரை மெல்ல மெல்ல ஈறுக்கு அடியிலும் இறங்கும்.

ஆரோக்கியமான வாயில் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு சின்னப் பள்ளம் உண்டு. நோய் முற்றும்போது ஈறு பல்லைவிட்டுப் பிரிந்து இந்தப் பள்ளம் ஒரு பை மாதிரி ஆழமாகிவிடும். பைக்குள் கிருமி, சீழ். அதன் அடியில் எலும்பு கரையும். இது இரண்டாம் கட்டம். கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது. கொடுமை என்னவென்றால் இத்தனையும் பெரும்பாலும் வலியே இல்லாமல் நடக்கும். ‘வலிச்சா பார்த்துக்கலாம்’ என்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

சுச்ருதர் சொன்ன வரிசை

ஆயுர்வேதத்தில் அறுவை சிகிச்சைக்குப் பேர்போன நூல் சுச்ருத சம்ஹிதை. வாயில் வரும் நோய்கள் 65 என்று கணக்கிட்டு, அதில் 15 நோய்களைப் பல்லின் வேர்ப்பகுதிக்கு, அதாவது ஈறுக்கு, ஒதுக்கியிருக்கிறது அந்த நூல். காரணமில்லாமல் ரத்தம் வடிந்து ஈறு மெதுவாகி நாற்றமடிப்பது ‘சீதாதம்’. சீழும் ரத்தமும் வந்து பல் ஆடுவது ‘தந்தவேஷ்டம்’. ஈறில் எரிச்சல், லேசாக அழுத்தினாலே ரத்தம், பல் ஆட்டம், வாய் நாற்றம் எல்லாம் சேர்ந்து வந்தால் ‘உபகுசம்’. இன்றைய பல் மருத்துவர் சொல்லும் அடையாளங்களோடு எவ்வளவு ஒத்துப்போகிறது பாருங்கள்!

இன்னொன்றும் அதில் இருக்கிறது: ‘தந்த சர்க்கரை’. சர்க்கரை என்றதும் டீயில் போடுவதை நினைத்துவிடாதீர்கள். இங்கே பொடிக்கல், மணல் என்று அர்த்தம். பல்லின் மேல் அழுக்கு இறுகிக் கல்லாவதைத்தான் அப்படிச் சொன்னார்கள். நாம் சொல்லும் காரையேதான்.

இதற்கு என்ன சிகிச்சை சொல்கிறார் சுச்ருதர்? முதலில் பல்லின் வேர்ப்பகுதிக்குக் காயம் படாமல் அந்தக் கல்லை எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் அரக்குப் பொடியைத் தேனில் குழைத்துத் தேய்க்க வேண்டும். காரை எடுப்பதற்கென்றே ‘தந்த சங்கு’ என்ற கருவி, அவர் பட்டியலிடும் 20 அறுவைக் கருவிகளில் ஒன்றாக இடம்பெற்றிருக்கிறது!

சீதாதத்துக்கும் இதே கதைதான். வைத்தியர் முதலில் கெட்ட ரத்தத்தை வெளியேற்ற வேண்டும், அப்புறம்தான் சுக்கு, கடுகு, திரிபலா, கோரைக்கிழங்குக் கஷாயத்தால் வாய் கொப்பளிக்க வேண்டும் என்கிறது நூல். (ஈறைக் குத்தி ரத்தம் எடுக்கும் வேலையை யாரும் வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம்!)

ஆக, வரிசையைக் கவனியுங்கள். முதலில் சுத்தம், பிறகு மருந்து. நாம் என்ன செய்தோம்? முதல் படியை வசதியாக மறந்துவிட்டு இரண்டாவது படியை மட்டும் பாட்டி வைத்தியமாகப் பிடித்துக்கொண்டோம்.

பொடி என்ன செய்யும், என்ன செய்யாது?

கடுக்காய், மாசிக்காய், கருவேலம்பட்டை, நாவல்பட்டை, மாதுளம்பழத் தோல்... பல்பொடிச் சரக்குகளில் பெரும்பாலானவை துவர்ப்பு. இந்தத் துவர்ப்புக்குக் காரணம் டானின் என்ற பொருள். டானின், சதையின் மேற்பரப்பில் இருக்கும் புரதத்தோடு சேர்ந்து அதை இறுகச் செய்கிறது. தளர்ந்த ஈறு கெட்டிப்படுகிறது, ரத்தக் கசிவு குறைகிறது. வேப்பங்குச்சி, கிராம்பு போன்றவற்றுக்குக் கிருமிகளை அடக்கும் குணமும் உண்டு. திரிபலாக் கஷாயத்தால் வாய் கொப்பளித்தவர்களுக்குப் படலமும் ஈறு வீக்கமும் குறைந்ததாக இந்தியாவில் நடந்த சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே முதல் கட்டத்தில், ஒழுங்கான பல் துலக்கலோடு சேர்த்துச் செய்தால் இவை உண்மையிலேயே நல்ல துணை.

ஆனால் எந்தப் பொடியும், எந்தக் கஷாயமும் இறுகிப்போன காரையைக் கரைக்காது. கொப்பளிக்கும் நீர் ஆழமான பையின் அடிவரைக்கும் போய்ச் சேராது. கரைந்த எலும்பை வளர்க்காது. 

இதில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. ரத்தம் வருவது ஈறு கொடுக்கும் எச்சரிக்கை மணி. துவர்ப்பு மருந்து மேல்ஈறை இறுக்கி மணியை நிறுத்திவிடலாம். அடியில் காரை இருந்தால் நெருப்பு எரிந்துகொண்டேதான் இருக்கும். நம் குடும்பத் தலைவருக்கு நடந்தது இதுவே. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கும் இதே ஏமாற்றம் உண்டு. புகை ரத்தக் கசிவைக் குறைத்துக் காட்டும். ஈறு ‘நல்லா இருக்கு’ என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே பல் ஆடத் தொடங்கிவிடும்.

வீட்டில் என்னென்ன செய்யலாம்?

* துலக்குவதுதான் முதல் மருந்து: காலை ஒரு தரம், ராத்திரி படுக்கப்போகுமுன் ஒரு தரம். தினமும் இரண்டு வேளை, ஈறைப் புண்படுத்தாமல் பல் துலக்க வேண்டும் என்று சரக சம்ஹிதையே சொல்கிறது! மிருதுவான பிரஷ்ஷை ஈறு ஓரமாகச் சாய்த்து வைத்து, 2 நிமிடம் மெதுவாகத் தேயுங்கள். ‘ரத்தம் வருதே’ என்று பயந்து அந்த இடத்தை விட்டுவிடாதீர்கள். விட்டால் படலம் இன்னும் சேரும், ரத்தமும் கூடும்.

* திரிபலாக் கஷாயம்: கடுக்காய் (கொட்டை நீக்கியது), நெல்லிமுள்ளி, தான்றிக்காய் (கொட்டை நீக்கியது) மூன்றும் சம அளவு சேர்ந்ததே திரிபலா. பொடி 1 டீஸ்பூன், தண்ணீர் 1 டம்ளர். பாதியாகச் சுண்டக் காய்ச்சி, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். வெதுவெதுப்பாக இருக்கும்போது வாயில் 2, 3 நிமிடம் வைத்திருந்து கொப்பளித்துத் துப்புங்கள். பல் துலக்கிய பிறகு, தினம் இரு வேளை. அன்றன்றைக்குப் புதிதாகப் போடுங்கள்.

* உப்பு வெந்நீர்: வெதுவெதுப்பான ஒரு டம்ளர் தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு. செலவில்லாத முதலுதவி. ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

* நல்லெண்ணெய்: ஆயுர்வேதத்தில் இரண்டு முறை. வாய் நிறைய, அசைக்க முடியாத அளவுக்கு வைத்திருப்பது ‘கண்டூஷம்’. கொஞ்சமாக எடுத்து அசைத்துக் கொப்பளிப்பது ‘கவளம்’. வீட்டுக்குக் கவளம் போதும். 2 டீஸ்பூன் எண்ணெயை 5 முதல் 10 நிமிடம் கொப்பளித்துத் துப்பிவிட்டு, அப்புறம் பல் துலக்குங்கள். விழுங்கக் கூடாது. புரையேறும் என்பதால் சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம். இது கூடுதல் உதவிதான், துலக்குவதற்குப் பதில் ஆகாது.

* தைலமும் சூர்ணமும்: ஆயுர்வேத மருந்துக் கடைகளில் வாய்க்கென்றே அரிமேதாதி தைலம் கிடைக்கிறது. சுக்கு, கடுக்காய், கோரைக்கிழங்கு முதலியவை சேர்ந்த தசனசம்ஸ்கார சூர்ணமும் உண்டு. தயாரிப்பு உரிம எண்ணும் காலாவதி தேதியும் அச்சிட்ட பாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள். ஆயுர்வேத மருத்துவர் ஒருவரிடம் கேட்டு உபயோகிப்பது உத்தமம்.

* பொடி இடிப்பவர்களுக்கு: வஸ்திரகாயம் முக்கியம். அதாவது மெல்லிய துணியில் சலித்து, மாவு மாதிரி இருக்க வேண்டும். பிரஷ்ஷால் தேய்க்காமல் விரல் நுனியால் ஈறில் மட்டும் தடவி, 2 நிமிடம் கழித்துக் கொப்பளியுங்கள். ஆலங்குச்சி, வேலங்குச்சி, வேப்பங்குச்சி கிடைப்பவர்கள் நுனியை நன்றாக மென்று பஞ்சு மாதிரி ஆக்கிக்கொண்ட பிறகே தேய்க்க வேண்டும்.

இதெல்லாம் கூடவே கூடாது!

* செங்கல் தூள், சாம்பல், அடுப்புக்கரி, கல் உப்பு: பல்லின் எனாமலைத் தேய்த்து, ஈறைக் கிழித்துவிடும். பிறகு பல்கூச்சம்தான் மிச்சம்.

* புகையிலைப் பொடி: ‘பல்வலி கேக்குது’ என்று பழகி, விட முடியாமல் தவிப்பவர்கள் உண்டு. வாய்ப் புற்றுநோய்க்கு வழி. பற்பசை, பல்பொடியில் புகையிலை சேர்ப்பதை மத்திய அரசு 1992-லேயே தடை செய்துவிட்டது.

* கிராம்புத் தைலத்தை அப்படியே ஈறில் வைப்பது, ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லோரம் அடக்கிக்கொள்வது: இரண்டுமே சதையை வெந்துபோகச் செய்யும்.

* குண்டூசி, ஊக்கு, பிளேடு முனையால் காரையைச் சுரண்டுவது: தந்த சங்கு இருந்தது என்று படித்துவிட்டு யாராவது இறங்கிவிடப் போகிறீர்கள்! அது பயிற்சி பெற்றவர் கையில் இருக்க வேண்டிய கருவி.

“ஸ்கேலிங் பண்ணா பல்லு ஆடுமாமே?”

பல் டாக்டரிடம் போகப் பலரும் தயங்குவதற்குப் பாதிக் காரணம் இந்த வதந்தி. உண்மை என்ன?

எலும்பு கரைந்து ஏற்கெனவே தளர்ந்துபோன பல்லுக்கு முட்டுக்கொடுத்த மாதிரி காரை நின்றிருக்கும். அதை எடுத்ததும் மறைந்திருந்த ஆட்டமும் இடைவெளியும் வெளியே தெரியும். வீங்கியிருந்த ஈறு வடிவதாலும் சந்து பெரிதான மாதிரி தோன்றும். சில நாள் பல் கூசும். ஆட்டத்தைக் கொண்டுவந்தது நோய். பழி விழுந்தது ஸ்கேலிங் மேல்! முறையாகச் செய்தால் எனாமல் தேய்ந்துபோகாது. மாறாக, ஈறு இறுகிப் பல்லை இன்னும் நன்றாகப் பிடித்துக்கொள்ள வாய்ப்பு கிடைக்கும்.

பை ஆழமாக இருந்தால் ஈறுக்கு அடியில், வேரின் மேல் படிந்ததையும் சுத்தம் செய்வார்கள். ரொம்ப முற்றியிருந்தால் ஈறைத் திறந்து செய்யும் சின்ன ஆபரேஷன் தேவைப்படலாம். செலவை நினைத்துத் தள்ளிப்போடுபவர்கள், அரசு தலைமை மருத்துவமனைகளின் பல் பிரிவையும், அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும் மறந்துவிட வேண்டாம். ஸ்கேலிங் முடிந்தபிறகு கஷாயம், தைலம் எல்லாம் தாராளமாகத் தொடரலாம். சுச்ருதரின் வரிசையும் அதுதானே!

யார் காத்திருக்கவே கூடாது?

பொடி, கஷாயம் என்று சோதித்துப் பார்க்க நேரமில்லாதவர்கள் சிலர் உண்டு.

* சர்க்கரை நோயாளிகள்: சர்க்கரை கட்டுப்படாவிட்டால் ஈறு நோய் வேகமாக முற்றும். ஈறு நோய் இருந்தால் சர்க்கரையும் கட்டுக்குள் வர அடம்பிடிக்கும். ஈறுக்குச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு ஓரளவு குறைவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது.

* கர்ப்பிணிகள்: ஹார்மோன் மாற்றத்தால் ஈறு சுலபமாக வீங்கும், ரத்தம் கசியும். ‘பிரசவத்துக்கு அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போட வேண்டாம். கர்ப்பத்தைச் சொல்லிவிட்டே பல் சுத்தம் செய்துகொள்ளலாம்.

* மாத்திரை சாப்பிடுபவர்கள்: வலிப்புக்கான ஃபெனிடாயின், ரத்தக் கொதிப்புக்கான நிஃபிடிபின், ஆம்லோடிபின் போன்றவை சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைகள் கசிவைக் கூட்டும். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள்.

* பல் ஆட்டம், ஈறில் சீழ், முகவீக்கம், காய்ச்சல் உள்ளவர்கள்: உடனே போக வேண்டும்.

* ஈறில் ரத்தத்தோடு உடம்பில் காரணமில்லாத நீலத்தழும்பு, தொடர்ந்த காய்ச்சல், அசதி இருந்தால்: அபூர்வமாக ரத்தப் புற்றுநோய் போன்றவற்றின் அறிகுறியாகவும் இருக்கலாம். ரத்தப் பரிசோதனை அவசியம்.

பதினான்கு நாள் கணக்கு

மற்றவர்கள் இந்த எளிய கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தைப் பார்த்த நாளிலிருந்து 14 நாள், இரண்டு வேளையும் ஈறு ஓரமாகச் சரியாகத் துலக்குங்கள். கூடவே கஷாயம் கொப்பளியுங்கள். நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை என்று வைட்டமின் சி உள்ளதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 

பதினைந்தாம் நாளும் ரத்தம் வந்தால் மேற்கொண்டு எந்தப் பொடியையும் தேட வேண்டாம். பல் டாக்டரிடம் போய்விடுங்கள். ரத்தம் நின்றுவிட்டதா? ரொம்ப சந்தோஷம். அப்போதும் நாக்கால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு இருந்தால் காரை இருக்கிறது, அதை எடுத்தே ஆக வேண்டும். ஒன்றும் தட்டுப்படாவிட்டாலும் ஈறுக்கு அடியில் இருப்பது நாக்குக்குத் தெரியாது. அதனால் வருடத்துக்கு ஒரு முறையாவது டாக்டர் பார்த்து, ஈறின் பள்ளத்தை அளந்து சொல்லட்டும்.

ஈறு நோய் வீட்டில் ஒருவரோடு நிற்பதில்லை. அப்பாவுக்குச் சீக்கிரமே பல் ஆடியிருந்தால் பிள்ளைகளும் கவனமாக இருக்க வேண்டும். பரம்பரையாக வரும் வாய்ப்பு உண்டு. எண்பது வயதில் முறுக்கு கடித்த தாத்தாவின் பல் உறுதியைப் பொடி மட்டுமே காப்பாற்றியிருக்காது.

அந்தக் குடும்பத் தலைவருக்கு வருவோம். போன எலும்பு திரும்பி வராது. ஆனால் சுத்தம் செய்துகொண்டு, ஒழுங்காகத் துலக்கி, டாக்டர் சொன்ன இடைவெளியில் போய்க் காட்டினால் இருக்கிற பற்களைப் பல வருடம் காப்பாற்றிக்கொள்ள முடியும். நாளைக் காலையில் உங்கள் வீட்டு வாஷ்பேசினில் இளஞ்சிவப்பு தெரிந்தால், அம்மாவின் பேச்சையும் கேளுங்கள், மனைவியின் பேச்சையும் கேளுங்கள். முதலில் மனைவி சொன்னது, பிறகு அம்மா சொன்னது. வரிசை மட்டும் மாறக் கூடாது!